உருகாத தையல்

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் உராய்வு என்பது சோறு போடுகிற சொல். வயிற்றில் புளியைக் கரைக்கிற சொல்லும் அதுதான். தீக்குச்சியின் தலையிலுள்ள மருந்து, பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்புப் பாஸ்பரஸில் உரசினால்தான் அடுப்பு எரியும். அதே உரசல் பட்டாசு மருந்து கலக்கும் அறையில் நேர்ந்துவிட்டால் கூரை மிஞ்சாது. அதனால்தான் அங்கே இரும்புக் கருவிகளுக்கு இடமில்லை. அலுமினியமும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மத்தாப்பின் வெள்ளை வெளிச்சத்துக்கும் வெடியின் ஓசைக்கும் அலுமினியத் தூள் வேண்டும். திருமங்கலத்தில் உலோகத் தூள் தயாரிக்கும் மெப்கோவின் பெயரைச் சிவகாசியின் ஒரு பொறியியல் கல்லூரியே தாங்கி நிற்கிறது. உராய்வையும் அலுமினியத்தையும் ஓரிடத்தில் சேர்த்தால் தீப்பொறிதான் வரும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தீப்பொறி இல்லாமல், புகை இல்லாமல், உலோகத்தை ஒரு துளிகூட உருக்காமல், உராய்வு தரும் சூட்டை மட்டுமே வைத்து இரண்டு அலுமினியத் தகடுகளை ஒன்றாக்கும் முறை ஒன்று 1991-இல் பிறந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனமான டி.டபிள்யு.ஐ.யில் வேய்ன் தாமஸ் குழுவினர் அதற்குக் காப்புரிமை கோரினார்கள். உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். இந்த இணைப்பு 'வலிமையானது' என்றுதான் எல்லாரும் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி தவறான இடத்தில் விழுகிறது என்பது என் கட்சி. இதன் உண்மையான சிறப்பு வலிமையில் இல்லை, விரிசல் தொடங்குவதற்கு வசதியான இடம் தராததில் இருக்கிறது. அந்தச் சிறப்பும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது.

அலுமினியக் கம்பி ஒன்றைக் கையால் இழுத்து அறுப்பது கடினம். அதையே இப்படியும் அப்படியும் பத்து முறை வளைத்தால் பட்டென்று முறிந்துவிடும். ஒரே தடவையில் தாங்கும் சுமையை உலோகம் பலமுறை தாங்குவதில்லை. இதற்குத்தான் உலோக அயர்ச்சி என்று பெயர். ஜெர்மனியில் ஆகுஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்து இதற்கு எண்கள் கொடுத்தார். 1954-இல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலில் விழுந்த பிறகுதான் அந்த எண்களின் கனம் உலகத்துக்கு உறைத்தது. இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறப்பதும் இறங்குவதும் போல அழுத்தத்தை ஏற்றி இறக்கியபோது, திறப்பு ஒன்றின் ஓரத்தில் தொடங்கிய விரிசல் அலுமினிய உடலையே கிழித்தது. எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: தகைவு, அதாவது குறிப்பிட்ட பரப்பில் விழும் விசை, ஓர் அளவுக்குக் கீழே இருந்தால், சாதாரணச் சூழலில் எத்தனை முறை ஆட்டினாலும் அது முறியாது என்று நம்பலாம். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பத்திரமான கோடு கிடையாது. 6061-டி6 என்ற பரவலான கலவை ஒருமுறை இழுத்தால் சுமார் 310 மெகாபாஸ்கல் வரை தாங்கும். 50 கோடி முறை மாறி மாறி வளைத்தால் 97 மெகாபாஸ்கல்தான் தாங்கும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் வழவழப்பாகத் தீட்டிய, இணைப்பே இல்லாத உருளைக் கம்பிக்கு. வண்டிகளின் கணக்கில் இந்தத் தடவைகள் வெகு சீக்கிரம் சேர்ந்துவிடும். சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்குப் போய்வரும் ஒரு சிற்றுந்தின் உடல் நொடிக்கு இரண்டு முறை அதிர்வதாகவும், அது நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 72,000 அதிர்வு; பற்றவைப்புக்கான விதிமுறைகள் அளவுகோலாக வைத்திருக்கும் 20 லட்சத்தை எட்ட 28 நாள் போதும்.

ஆர்கான் வெல்டிங் பட்டறையில் அலுமினியம் கொண்டுபோனால் கூலி ஏன் கூடுதல் என்பதற்குக் காரணம் உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் இயற்கையாகப் படர்ந்திருக்கும் ஆக்சைடு தோல் 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். உள்ளே கஞ்சி, வெளியே ஓடு. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை வாரிக் குடிக்கும். உறையும்போது அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் உள்ளே வைத்திருக்க முடியும். மீதி குமிழிகளாகச் சிக்கிக்கொள்ளும். உறையும்போது உலோகம் கனஅளவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு சுருங்குவதால், வலிமையான கலவைகள் பல சூட்டோடு சூடாகக் கீறிவிடுகின்றன. இத்தனையையும் தேர்ந்த கை சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதது இணைப்பின் மேல் எழும் மேடு. ராடு உருகி நிரம்பிய அந்த மேடு தகட்டைத் தொடும் ஓரத்தில் ஒரு கூர்மையான மடிப்பு உண்டாகும். தகட்டின் வழியே சீராக ஓடிவரும் விசை அந்த மடிப்பில் வந்து முட்டி, அங்கே குவியும். துணியைக் கிழிக்கிறவர் முதலில் ஓரத்தில் பல்லால் ஒரு கீறல் போடுவாரே, அந்தக் கீறலின் வேலையை இந்த மடிப்பு செய்கிறது.

கலக்கல் முறையில் மேடு எழாது. மில்லிங் மெஷின் போன்ற ஓர் இயந்திரத்தில் கடின எஃகாலான உருளைக் கருவி மாட்டியிருக்கும். அதன் அடிமுகத்துக்குத் தோள் என்று பெயர்; தோளின் நடுவிலிருந்து சிறிய முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். 6 மில்லிமீட்டர் தகடென்றால் முள்ளும் கிட்டத்தட்ட அதே நீளம், தோள் 18 மில்லிமீட்டர் அகலம் என்பது பழகிப்போன அளவு. இரண்டு தகடுகளையும் ஓரத்தோடு ஓரம் நெருக்கி, அசையாமல் பிடிகட்டி, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேலாகச் சுழலும் முள்ளைச் சந்தில் இறக்குவார்கள். சில நூறு கிலோ பாரத்தை ஏற்றி வைத்ததுபோல் தோள் தகட்டை அழுத்தும். உராய்வில் சூடு 450, 500 டிகிரி வரை ஏறும், உருகுநிலையைத் தொடாது. கம்பங்களி கிண்டுகிறவர்களுக்கு இந்த நிலையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை: தண்ணீர்போல ஓடாது, கல்போல நிற்காது, துடுப்பு போன வழியில் சுருண்டு புரண்டு பின்னால் போய் மூடிக்கொள்ளும். முள் நிமிடத்துக்குச் சில சென்டிமீட்டர் என்று நகர்ந்து போக, பின்னால் ஒரே தகடு மிஞ்சும். உருகவில்லை, ஆகவே உறையும் சுருக்கமில்லை. ஹைட்ரஜன் குமிழி இல்லை. ராடு சேர்க்கவில்லை, ஆகவே மேடில்லை. மேற்பரப்பில் தோள் விட்டுச்சென்ற பிறைவடிவ வரிகளும் ஓரத்தில் கொஞ்சம் பிசிறும் மட்டும் இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்த முறையை விடாமல் ஆராய்ந்த இடம் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உலோக இணைப்பு ஆய்வு மையத்தில் பேராசிரியர் வி. பாலசுப்பிரமணியனும் அவருடைய மாணவர்களும் 2000-களின் பிற்பாதியிலிருந்து அலுமினியக் கலவைகளில் வரிசையாகச் சோதனைகள் நடத்தினார்கள். முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றிமாற்றிப் பார்த்தார்கள்: நேர் உருளை, கூம்பிய உருளை, மரை போட்டது, முக்கோணம், சதுரம். சதுர முள்ளும் 18 மில்லிமீட்டர் தோளும் சேர்ந்தபோது பழுதில்லாத இணைப்பு கிடைத்தது. 6061 கலவையில் மூன்று முறைகளை ஒப்பிட்ட 2009-ஆம் ஆண்டுக் கட்டுரையில், கலக்கல் இணைப்பின் இழுவிசை வலிமை, கம்பியையே உருக்கி நிரப்பும் மிக் வெல்டிங்கைவிட சுமார் 34 சதவீதமும், ஆர்கான் என்று நாம் சொல்லும் டிக் வெல்டிங்கைவிட சுமார் 15 சதவீதமும் கூடுதல் என்று வந்தது. இந்த 34-ஐத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் இன்னோர் எண்ணைப் பார்ப்பதில்லை: அந்தக் கலக்கல் இணைப்பும் பற்றவைக்காத மூலத் தகட்டைவிட வலிமை குறைந்ததுதான். இந்தக் கலவைக்கு வலிமை தருபவை, சுமார் 530 டிகிரியில் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்து, பிறகு 170 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வைத்திருந்தால் முளைக்கும் மக்னீசிய–சிலிக்கான் நுண்துகள்கள். உராய்வின் சூடு பட்டவுடன் இணைப்பின் இரு பக்கமும் அந்தத் துகள்கள் பருத்து, எண்ணிக்கையில் குறைந்து, பயனிழந்துபோகின்றன. இழுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்த மெத்தென்ற பட்டையில்தான் அறுகிறது. ஒப்பிட்ட மற்ற இரண்டிலும் அதே சூடு இன்னும் அதிகமாகப் பாய்ந்திருக்கிறது; போதாததற்கு, ராடாகச் சேர்ந்த உலோகமே வலிமை குறைந்த இனம். ஆகவே 34 சதவீதம் என்பது, இந்த முறை உலோகத்தைக் குறைவாகக் கெடுத்தது என்பதற்குச் சான்று. எதையும் கூட்டித் தந்ததற்குச் சான்றல்ல.

அப்படியானால் அயர்ச்சியில் இது ஏன் சோபிக்கிறது? மெத்தென்று ஆன உலோகம் அதிர்வுக்கும் சீக்கிரம் தோற்க வேண்டுமே என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் சர்வதேசப் பற்றவைப்பு நிறுவனத்தின் வடிவமைப்புப் பரிந்துரை அட்டவணையிலேயே இருக்கிறது. பற்றவைக்காத 5000, 6000 வகை அலுமினியத்துக்கு 20 லட்சம் தடவைக்கு 71 மெகாபாஸ்கல் வீச்சை அந்த அட்டவணை அனுமதிக்கிறது. பட்டறையில் படுக்கவைத்து ஒழுங்காகப் பற்றவைத்த குறுக்கு இணைப்புக்கு 36. அதே இணைப்பின் மேட்டைக் கிரைண்டரால் தகட்டோடு சமமாகத் தேய்த்துவிட்டு, உள்ளே பழுதில்லை என்று சோதித்தும்விட்டால் 45. தேய்ப்பதால் உலோகம் ஒரு துளி வலுவடைவதில்லை. உண்மையில் கொஞ்சம் உலோகம் போகிறது. ஆனாலும் எண் ஏறுகிறது. பற்றவைத்த இணைப்புகளில் ஆயுள் தகைவின் மூன்றாம் படிக்கு எதிராக ஏறி இறங்கும்; தகைவு பாதியானால் ஆயுள் எட்டு மடங்கு. 36-க்கும் 45-க்கும் உள்ள இடைவெளி அந்தக் கணக்கில் ஆயுளை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. இன்னொன்றையும் அந்த அட்டவணை சொல்லாமல் சொல்கிறது: பற்றவைத்த இணைப்புக்கு அது கலவையின் வலிமையைக் கேட்பதே இல்லை. வலுவான கலவைக்கும் நோஞ்சானுக்கும் ஒரே 36. அயர்ச்சியில் ஆயுளைத் தீர்மானிப்பது விரிசல் பிறக்கும் இடத்தின் வடிவம். உலோகத்தின் வலிமை இரண்டாம்பட்சம். கலக்கல் இணைப்பு பிறக்கும்போதே தேய்த்துவிட்டதுபோலப் பிறக்கிறது. அதுதான் அதன் கைச்சரக்கு.

சோதனைகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 2003-இல் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக்சனும் சான்ட்ஸ்ட்ரோமும் 6082 கலவையில் கலக்கல், மிக், டிக் மூன்றையும் ஆட்டிப் பார்த்தார்கள். கலக்கல் முதலிடம், டிக் இரண்டாவது, மிக் கடைசி. கருவி நகரும் வேகத்தை வணிக உற்பத்தியில் வழங்கும் எல்லைக்குள் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் அயர்ச்சி வலிமையில் பெரிய மாற்றமில்லை. சூடு பாய்கிற அளவே எல்லாம் என்றால் வேகம் மாறும்போது முடிவும் ஆட்டம் கண்டிருக்க வேண்டும். சிதம்பரத்தில் 2219 என்ற கலவையில் மலர்விழியும் பாலசுப்பிரமணியனும் செய்த ஒப்பீடு இன்னும் சுவையானது. ராக்கெட் எரிபொருள் தொட்டிகளுக்கென்றே பேர்போன, 6 சதவீதத்துக்கு மேல் செம்பு கலந்த உலோகம் அது. டிக், எலக்ட்ரான் கற்றை, கலக்கல் ஆகிய மூன்றையும் நிறுத்திப் பார்த்ததில், பிறகு சூட்டில் வைத்து முதிர்வித்த கலக்கல் இணைப்பே அயர்ச்சியில் மேலாக நின்றது. எலக்ட்ரான் கற்றை வெற்றிடத்தில் நடக்கும் மிக நுணுக்கமான முறை. சூடு பாயும் பட்டை ஊசிபோல ஒடுங்கியது. அதையும் இது முந்தியது. நுண்ணிய, ஒரே சீரான மணிகளாக உடைந்து அமைந்த நடுப்பகுதிக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மணி எவ்வளவு பொடியாக இருந்தாலும், ஓரத்தில் ஒரு மடிப்பு இருந்தால் விரிசலுக்கு அதுவே வாசல்.

ஆய்வகச் சோதனையை நம்பலாமா என்று தொழிற்சாலைப் பொறியாளர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். சோதனைக்கு எடுப்பது விரல் அகலத் துண்டு. பெரிய தகட்டைப் பிடிகட்டிப் பற்றவைக்கும்போது, சூடேறிய பட்டை விரிய முடியாமல் நசுங்கி, ஆறும்போது சுருங்க முடியாமல் இழுபட்டே நிற்கும். வெளிச்சுமை எதுவும் இல்லாதபோதும் உள்ளே நிற்கும் இந்த இழுப்புக்கு எச்சத் தகைவு என்று பெயர். துண்டு வெட்டியவுடன் அதில் பெரும்பகுதி தளர்ந்துவிடும். ஆய்வகம் அளப்பது தளர்ந்த துண்டின் ஆயுளை. உருக்கிப் பற்றவைப்பதைவிடக் கலக்கலில் எச்சத் தகைவு பொதுவாகக் குறைவு என்பது உண்மை. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. இறுக்கமாகப் பிடிகட்ட வேண்டிய முறை என்பதால் அந்தப் பிடியே கொஞ்சம் இழுப்பை உள்ளே வைத்து மூடிவிடுகிறது. ஆகவே முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஆய்வக எண்கள் போதும். ஒரு ரயில் பெட்டியின், ஒரு படகின் ஆயுளைக் கணக்கிட அவை போதாது. அதற்கு அகலத் தகடுகளையோ முழு உறுப்பையோதான் ஆட்டிப் பார்க்க வேண்டும். இந்த ஆட்சேபம் என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை, அதன் எல்லையைச் சொல்கிறது.

கவிழ்க்கக்கூடிய ஆட்சேபம் வேறொன்று. அது மேலே இல்லை, அடியில் இருக்கிறது. முள் தகட்டை முழுவதும் துளைத்துக் கீழே உள்ள எஃகு மேடையில் உரசினால் மேடையும் கெடும், முள்ளும் முறியும். அதனால் தகடு 6 மில்லிமீட்டர் என்றால் முள்ளை ஒரு மில்லிமீட்டரின் சில பத்தில் பாகம் குட்டையாகச் செய்வார்கள். முள்ளின் முனைக்கும் மேடைக்கும் நடுவே உள்ள மெல்லிய அடுக்கு, மேலே நடக்கும் கலக்கலின் அழுத்தத்திலேயே சேர்ந்துகொள்ளும் என்பது கணக்கு. கணக்கு பெரும்பாலும் சரி. ஆனால் ஆலையிலிருந்து வரும் தகடு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருப்பதில்லை. ஒரு முழம் தள்ளி அது 0.2 மில்லிமீட்டர் தடித்திருந்தால், அங்கே அடியடுக்கு கலங்காமலே நின்றுவிடும். இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டபடி, ஒட்டாமல் இருக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. பட்டாசுக்காரர்களுக்கு அலுமினியத் தூளின் ஆக்சைடு தோல் காவல் தெய்வம். அந்தத் தோல் இருப்பதால்தான் தூள் காற்றுப் பட்டவுடன் பற்றிக்கொள்ளாமல் மூட்டையில் கிடக்கிறது. அதே தோல் தகடுகளின் ஓரத்திலும் இருக்கிறது, இங்கே அது எதிரி. முள் அதைப் பொடியாக்கிச் சிதறடிக்க வேண்டும். சரியாகச் சிதறாவிட்டால், வெட்டித் தீட்டி அமிலத்தில் தோய்த்துப் பார்க்கும்போது இணைப்பின் குறுக்கே சோம்பலாக வளைந்த 'எஸ்' எழுத்துப்போல ஒரு மங்கிய கோடு தெரியும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற ஊர் இருக்கன்குடி. இரு கங்கை கூடும் குடி என்றே பெயருக்குப் பொருள் சொல்வார்கள். நிறம் வேறான இரண்டு வெள்ளம் எங்கே கூடினாலும், கூடிய பின்னும் கொஞ்ச தூரம் நடுவில் ஒரு கோடு ஓடும். ஒரே ஆறாகிவிட்டது என்பதும் உண்மை, கோடு இருக்கிறது என்பதும் உண்மை. உலோகத்தில் அந்தக் கோடு அடிப்பரப்புக்கு வந்து திறந்தால், அதுவே துணியின் ஓரத்துக் கீறல்.

முத்தப் பிணைப்பு என்று உலகெங்கும் இதைக் கேலியாகச் சொல்கிறார்கள்: உதடு படுகிறது, உறவு இல்லை. இதன் தந்திரம், கண்டுபிடிக்க முயலும்போதுதான் தெரியும். எக்ஸ்ரே படத்தில் குமிழியும் வெடிப்பும் விழும். இரண்டு பரப்பும் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டு நிற்கும் இடம் விழாது. அல்ட்ராசவுண்டும் பல நேரம் ஒலியைத் தடையின்றிக் கடத்திவிட்டு, பழுதே இல்லை என்று சாதிக்கும். இழுவிசைச் சோதனையும் ஏமாந்துபோகும். பக்கத்துப் பட்டைதான் மெத்தென்று இருக்கிறதே, அடியில் மயிரிழை ஒட்டாமல் இருந்தாலும் துண்டு அந்தப் பட்டையில் அறுந்து நல்ல எண்ணையே தரும். ஆயிரக்கணக்கான முறை ஆட்டும்போதுதான் அடிக்கோடு வாய் திறக்கும். இழுவிசை எண்ணை வைத்து அயர்ச்சியைப் புகழ்வது தவறு என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்: அது தவறான காரணம் மட்டுமல்ல, ஆபத்தான காரணமும்கூட. மேலே மேடில்லாமல் செய்ததால் கிடைத்த லாபம் முழுவதையும் அடியில் உள்ள ஒரு கோடு விழுங்கிவிடும். ஆர்கான் வெல்டிங்கின் பழுது பெரும்பாலும் மேலே, வெல்டரின் கண்முன்னே இருக்கும். இங்கே பழுது மேடையோடு ஒட்டிப் படுத்திருக்கும். இதற்கு மருந்தில்லாமல் இல்லை. பற்றவைப்பதற்கு முன் ஓரங்களைச் சீவித் துடைப்பது, நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய முள், கருவியின் அழுத்தத்தை நொடிக்கு நொடி அளந்து தகட்டின் கனத்தைத் தொடர்ந்து செல்லும் இயந்திரம், முடிந்தபின் அடிப்பரப்பில் மெல்லிய படலத்தைச் சீவி எடுப்பது, இவை யாவும் பழக்கத்தில் உள்ளவை.

பெரிய அளவில் நடந்த ஒரு சோதனையை ரயில்களில் பார்க்கலாம். ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம், பெட்டி நீளத்துக்கு ஓடும் உள்ளீடற்ற இரட்டைச் சுவர் அலுமினியப் பலகைகளைக் கலக்கல் முறையில் தைத்து ரயில் பெட்டி செய்கிறது. பிரிட்டனில் ஓடும் 800 வரிசை ரயில்கள் அந்தக் குடும்பம். 2021 மே மாதம் அவற்றில் விரிசல்கள் தென்பட்டு, ஒரே நாளில் ஏராளமான ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கலக்கல் முறையின் சாயம் வெளுத்தது என்று சொல்ல அருமையான சந்தர்ப்பம். ஆனால் பிரிட்டனின் ரயில், சாலை ஒழுங்குமுறை அலுவலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை வேறு இடத்தைக் காட்டியது. அயர்ச்சி விரிசல்கள் வந்தது, சக்கரத் தொகுதியின் அசைவைத் தணிக்கும் தாங்கிகள் பெட்டியின் அடியில் இணையும் இடத்தில்; காரணம், வடிவமைத்தபோது எதிர்பார்த்ததைவிடத் தடத்தில் அதிகமாக இருந்த சுமை. பெட்டியைத் தூக்கப் பயன்படும் தகடுகளில் வந்தது அயர்ச்சியே அல்ல. கலவையும் காற்றின் ஈரமும் உப்பும் தகைவும் சேர்ந்து செய்த அரிமான விரிசல். நீளத் தையல்கள் அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. இதை வெற்றி என்று கொண்டாடத் தேவையில்லை. நேராக ஓடும் நீண்ட தையலுக்கு இந்த முறை பொருந்தும், தாங்கிகள் குறுக்கும் நெடுக்குமாக வந்து சேரும் மூலைகளில் பழைய ஆர்க் வெல்டிங்கே தொடர்கிறது, அயர்ச்சியும் அந்த மூலைகளையே தேடிப் போகிறது என்பதுதான் கிடைத்த தகவல்.

ராக்கெட்டுக்கும் ஜப்பான் ரயிலுக்கும் ஏற்ற சமாச்சாரம் நமக்கெதற்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராக்கெட்டில் அயர்ச்சி உண்மையில் பெரிய பிரச்சினையே அல்ல. ஒருமுறை பறந்து கடலில் விழும் தொட்டிக்கு 20 லட்சம் தடவை எதற்கு? அங்கே இந்த முறையை விரும்புவது கசிவும் குமிழியும் இல்லாததற்காக. அயர்ச்சி கேள்வி எழுவது சாலையில். மின்சார வண்டிகளின் பேட்டரிப் பெட்டி இன்று உலகெங்கும் அலுமினியப் பலகைகளால், பல இடங்களில் கலக்கல் முறையில் தைக்கப்படுகிறது; அது வண்டியின் வயிற்றில் தொங்கி ஒவ்வொரு பள்ளத்திலும் குலுங்கும். வைப்பாறு கடலில் கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலை ஒன்று திறக்கப்பட்டது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்சார இருசக்கர வண்டிகள் வரிசையாக வெளியேறுகின்றன. இவற்றுக்குத் துணைப்பாகம் செய்து தருகிற சிறு ஆலைகள் இந்தக் கருவியை வாங்க நாளாகாது. விலை அதிகம், பிடிகட்டும் சட்டம் கனமானது, முடிகிற இடத்தில் முள்ளை உருவினால் ஒரு குழி மிஞ்சும் என்ற குறைகள் எல்லாம் உண்மை. குழியை வெட்டியெறியும் ஓரப் பகுதியில் விழவைப்பது வழக்கம். மற்றவற்றை உற்பத்தி எண்ணிக்கை சரிக்கட்டும்.

விருதுநகர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் இந்த முறையில் செயல்திட்டம் செய்யும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இழுவிசைச் சோதனை சில நிமிடத்தில் முடியும். அயர்ச்சிச் சோதனை நொடிக்கு இருபது ஆட்டம் வைத்தாலும் 20 லட்சத்துக்கு ஒரு துண்டுக்கே 28 மணி நேரம் கேட்கும். எல்லாரும் இழுத்துவிட்டு நிறுத்திக்கொள்வதற்கு இதுவே காரணம் என்பது புரிகிறது. இயந்திரமும் நேரமும் கிடைக்காதவர்கள் குறைந்தது இதையாவது செய்யலாம்: இணைப்பிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, அடிப்பக்கம் வெளியே விரியும்படி ஓர் உருளையின்மேல் வைத்து வளையுங்கள். ஒரு பட்டையோடு விடாமல், தையலின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் எடுத்து வளையுங்கள். ஒட்டாமல் நின்ற கோடு இருந்தால் அங்கே பிளந்து காட்டிவிடும். பிளந்த பட்டையின் படத்தையும் அறிக்கையில் சேருங்கள், ஒளிக்காதீர்கள்.